இருமலின் இடத்தில்: வென்டிலேட்டரில் உள்ள குழந்தையின் சளியை வெளியேற்றுவது

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் தீயாய்ப் பரவிக்கொண்டிருந்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுக் கொடுக்க இருந்தவை ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சின்மேல் பொருத்தும் ஆறு கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் இந்தக் கருவிகளின் உதவியோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் புதிய வழி ஒன்றை முயன்றார். சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடப்பட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு ட்யூப் வைக்கப்பட்டது. அதன் வழியே சளி உறிஞ்சி எடுக்கப்பட்டது. பிறகு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அவர் மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அடுத்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு இரவும் பகலும் பை அமுக்கினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். சொல்லும்போது பை அமுக்கிய மாணவர்கள் நினைவில் நிற்பார்கள். உறிஞ்சி எடுத்த சளி விடுபட்டுப்போகும். அந்தச் சிறுமியின் மூச்சுத் தசைகள் தளர்ந்திருந்தது பாதிப் பிரச்சினைதான். விழுங்கவும் இருமவும் முடியாததால் எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் தேங்கியிருந்தது மறுபாதி. காற்றைத் தள்ளுவதற்கு முன் பாதையைத் திறக்க வேண்டியிருந்தது.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வென்டிலேட்டர்கள் கணினிகளாகிவிட்டன. சளி அதே சளிதான். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியருக்கும் பிசியோதெரபி மாணவருக்கும் உதவவே இந்த அத்தியாயம். கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை இது ஓரளவு புரியவைக்கும். மருத்துவரின் உத்தரவுக்கும் நேரடிப் பயிற்சிக்கும் இது ஈடாகாது.

ட்யூப் எதையெல்லாம் நிறுத்திவிடுகிறது

ஆரோக்கியமான குழந்தையின் மூச்சுப்பாதை தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. பாதையின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியைச் சிறிது சிறிதாகத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அது போதாதபோது இருமல் வருகிறது. ஆழமாக மூச்சு இழுத்து, குரல்வளையை நொடியின் ஒரு பகுதி நேரம் இறுக மூடி, நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி, சட்டென்று திறந்துவிடுவதுதான் இருமல். அந்தக் காற்றின் வேகத்தில் சளி பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது.

வாய் அல்லது மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ட்யூப் குரல்வளையைத் திறந்தே வைத்திருக்கிறது. மூட முடியாத குரல்வளையால் அழுத்தம் ஏற்ற முடியாது. மயக்க மருந்து இருமும் உந்துதலை மங்கவைக்கிறது. தசைத்தளர்வு மருந்து கொடுத்திருந்தால் இருமலே இல்லை. மூக்கும் தொண்டையும் செய்துவந்த சூடேற்றும், ஈரப்படுத்தும் வேலையும் நின்றுபோகிறது. ட்யூப்பின் உட்சுவரில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. உள்ளே நுழைந்த அந்நியப் பொருளால் எரிச்சலடைந்த மூச்சுக்குழாயோ இன்னும் அதிகமாகச் சளியைச் சுரக்கிறது.

பெரியவர்களுக்கும் இதெல்லாம் நடக்கும். குழந்தைக்கு ஆபத்து கூடுதலாவது அளவால். குழாய் ஒன்றில் காற்று சீராக ஓடும்போது ஏற்படும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 4 மி.மீ. உள்விட்டமுள்ள ட்யூப்பில் சுற்றிலும் அரை மி.மீ. சளி படிந்தால் மிஞ்சுவது 3 மி.மீ. தடை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். 8 மி.மீ. ட்யூப் வைத்திருக்கும் பெரியவருக்கு அதே அரை மி.மீ. சளியால் தடை இரண்டு மடங்குகூட ஆவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பெரியவர்களின் நுரையீரலில் பக்கத்துப் பக்கத்துக் காற்றறைகளுக்கு இடையே சிறு துளைகள் இருக்கும். ஒரு கிளை அடைத்தாலும் பக்கவாட்டில் கொஞ்சம் காற்று வந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு இந்தக் குறுக்குவழிகள் சரியாக வளர்ந்திருக்காது. ஒரு சளிக்கட்டி ஒரு கிளையை அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் காற்றிழந்து சுருங்கிவிடும். வார்டில் இதைக் ‘கொலாப்ஸ்’ என்பார்கள். காலை எக்ஸ்ரேயில் வலது மேல்மடல் வெள்ளையாகத் தெரிவது பல பிரிவுகளில் பழகிய காட்சி.

முதல் மருந்து நீராவி

சளி எடுப்பது என்றதும் சக்‌ஷன் மெஷின்தான் கண்முன் வரும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரை. நுரையீரலுக்குள் சேரும் காற்று 37 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருப்பது இயல்பு. மருத்துவமனைக் குழாயிலிருந்து வரும் ஆக்சிஜனோ குளிர்ந்தது, வறண்டது. அதை அப்படியே உள்ளே விட்டால் நுண்மயிர்கள் அசைவை இழக்கும். சளி, பானை விளிம்பில் காய்ந்த கஞ்சிபோல ட்யூப்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சளியை உறிஞ்ச ட்யூப்புக்குள் விடும் மெல்லிய கதீட்டர் எதுவும் அதைப் பெயர்க்காது.

சூடேற்றும் ஹியூமிடிஃபையர் இருந்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: தொட்டியில் மலட்டு நீர் இருக்கிறதா, வெப்பநிலை சரியாக இருக்கிறதா, குழந்தைக்கு அருகே உள்ள குழாயில் லேசான நீர்த்துளிப் படலம் தெரிகிறதா. குழாயில் தேங்கும் நீரைக் குழந்தையின் பக்கம் சாய்த்துவிடாமல் நீர் சேரும் கிண்ணத்தின் பக்கமாக வடிக்க வேண்டும்.

செயற்கை மூக்கு எனப்படும் சிறு வடிகட்டி, குழந்தை வெளிவிடும் ஈரத்தைப் பிடித்து உள்மூச்சில் திருப்பிக் கொடுக்கும். ஆம்புலன்ஸிலும் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதும் அது வசதி. ஆனால் சிறு குழந்தைக்கு அதன் உள்ளிடமே ஒரு சுமை. வெளிவிட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இழுக்க நேரிடும். கெட்டியான சளியோ ரத்தமோ வந்துகொண்டிருந்தால் வடிகட்டியே அடைத்துவிடும். அப்போது சூடேற்றும் கருவிக்கு மாற வேண்டும்.

கடிகாரத்தை அல்ல, நெஞ்சைப் பார்ப்பது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சக்‌ஷன் என்ற அட்டவணை பல வார்டுகளில் வேரூன்றியது. சார்ட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கும், பார்ப்பவருக்கு நிம்மதி. அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசுகிறது. தேவைப்படும்போது மட்டும் சக்‌ஷன் செய்தால் போதும் என்பது அதன் பரிந்துரை. காரணம் எளிது. ஒவ்வொரு சக்‌ஷனும் சளியோடு காற்றையும் உறிஞ்சுகிறது. நுரையீரல் கொஞ்சம் சுருங்குகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, சில குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு சட்டென்று மந்தமாகிறது, உட்சுவர் காயப்படுகிறது. சளியே இல்லாத நேரத்தில் செய்தால் இந்த நட்டங்கள் மட்டும்தான் மிச்சம்.

தேவை இருக்கிறது என்பதை எப்படி அறிவது? அந்த வழிகாட்டுதல் முன்வைக்கும் அறிகுறிகள் இவை: ட்யூப்பில் கண்ணுக்குத் தெரியும் சளி, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் கரகரப்பு, வென்டிலேட்டர் திரையில் காற்றோட்ட வரைகோடு ரம்பப் பல்போல நெளிவது, மூச்சுப்பாதையின் தடை திடீரென்று ஏறுவது. இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட கொள்ளளவை இயந்திரம் கட்டாயமாகத் தள்ளும் முறையில் இருந்தால் உச்ச அழுத்தம் ஏறும். அழுத்தத்தை நிலையாக வைக்கும் முறையில் இருந்தால் குழந்தைக்குப் போய்ச் சேரும் காற்றின் அளவு குறையும். எந்த முறை ஓடுகிறது என்று தெரியாமல் திரையைப் பார்த்துப் பயனில்லை.

கையையும் பயன்படுத்தலாம். உள்ளங்கையை நெஞ்சின் இருபுறமும் லேசாக வைத்தால், பெரிய பாதைகளில் உருளும் சளியின் அதிர்வு விரல்களில் தெரியும். எந்தப் பக்கம் குறைவாக எழும்புகிறது என்பதும் தெரியும்.

குழந்தை திடீரென்று நீலம்பாரித்தால், சளி என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. நான்கு காரணங்களை வரிசையாக நினைக்க வேண்டும்: ட்யூப் இடம் மாறியிருக்கலாம், அடைத்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், கருவி பழுதாகியிருக்கலாம். வென்டிலேட்டரைக் கழற்றி, 100 சதவீத ஆக்சிஜனோடு, கையால் அமுக்கும் அம்பு பேகால் மூச்சுக் கொடுத்து, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. எழும்பவில்லை, கதீட்டரும் உள்ளே போகவில்லை என்றால் ட்யூப் அடைத்துவிட்டது என்று பொருள். அதை எடுத்துவிட்டு முகமூடி வழியே மூச்சுக் கொடுக்க வேண்டும்.

சக்‌ஷன்: ஒரு குழந்தையை வைத்து ஒரு கணக்கு

இரண்டு வயதுக் குழந்தை, நிமோனியா. காற்றுப்பை (கஃப்) உள்ள ட்யூப்பின் அளவுக்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு: வயதை 4-ஆல் வகுத்து 3.5-ஐக் கூட்டுவது. இந்தக் குழந்தைக்கு 4.0 மி.மீ. ட்யூப் அளவை இரண்டால் பெருக்கினால் கதீட்டரின் ஃபிரெஞ்ச் எண் கிடைக்கும்: 8. அப்படித் தேர்ந்தால் கதீட்டர் ட்யூப்பின் உட்பரப்பில் பாதிக்கும் குறைவாகவே அடைக்கும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் எல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கு மட்டும் 70 சதவீதம்வரை அனுமதி, ஏனெனில் அதைவிட மெல்லிய கதீட்டரால் சளியை இழுக்க முடியாது. கதீட்டர் பெரிதானால் வெளியே இருந்து காற்று உள்ளே வர இடமிருக்காது; உறிஞ்சும்போது நுரையீரலே காலியாகும்.

அழுத்தம் அடுத்தது. பச்சிளங்குழந்தைக்கும் சிறுவருக்கும் உறிஞ்சும் அழுத்தம் 120 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். மெஷினின் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தால்தான் உண்மையான அளவு முள்ளில் தெரியும்.

எவ்வளவு ஆழம்? ட்யூப்பின் நீளத்தையும் அதன் முனை இணைப்பையும் முன்பே அளந்து, படுக்கை அருகே எழுதி ஒட்டிவிட வேண்டும். கதீட்டரின் நுனி ட்யூப்பின் நுனியைத் தாண்டி அதிகம் போகக் கூடாது. ‘முட்டும்வரை விட்டு, பிறகு கொஞ்சம் இழு’ என்ற பழைய பாடம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்திப் புண்ணாக்கியது. குறைமாதக் குழந்தைகளில் கதீட்டர் நுரையீரலைத் துளைத்த சம்பவங்களும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. மேலோட்டமான சக்‌ஷன் பலன் தராதபோது மட்டுமே ஆழமாகப் போகலாம்.

இனி செய்முறை. முடிந்தால் இருவர் வேண்டும்: ஒருவர் சக்‌ஷனுக்கு, மற்றவர் ட்யூப்பைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைப் பார்க்க. மயக்கத்தில் இருந்தாலும் குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. பாலூட்டிய உடனே செய்யக் கூடாது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை ஆக்சிஜனை உயர்த்த வேண்டும். உறிஞ்சலை நிறுத்தி வைத்தபடி கதீட்டரை அளந்த ஆழத்துக்குச் செலுத்தி, வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் நேரம் 15 நொடியைத் தாண்டக் கூடாது. சிறு குழந்தைக்கு 10 நொடியே அதிகம். மறுபடி செய்வதற்குமுன் ஆக்சிஜனும் துடிப்பும் பழைய நிலைக்கு வரக் காத்திருக்க வேண்டும். வாய்க்குப் பயன்படுத்திய கதீட்டர் எக்காரணத்தாலும் ட்யூப்புக்குள் போகக் கூடாது. எடுத்த சளியின் நிறம், அளவு, கெட்டித்தன்மை, ரத்தம் உண்டா என்பவற்றை எழுதிவைக்க வேண்டும்.

சலைன் விட்டுச் சளியை இளக்குவது பரவலான பழக்கம். வழக்கமாக அதைச் செய்ய வேண்டாம் என்கிறது 2022 வழிகாட்டுதல். விட்ட சலைன் முழுவதும் திரும்பி வருவதில்லை. குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் சலைன் விட்டபின் ஆக்சிஜன் கூடுதலாக இறங்கியது தெரிந்தது. சளி கெட்டியாக வருகிறது என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஹியூமிடிஃபையர் வேலை செய்கிறதா என்பது.

ட்யூப்பைக் கழற்றாமலே செய்யும் மூடிய சக்‌ஷனா, கழற்றிச் செய்யும் திறந்த முறையா? இரண்டும் ஏற்கத்தக்கவை. அதிக அழுத்தத்தில் வென்டிலேட்டர் ஓடும் குழந்தைக்கும், காற்றில் பரவும் தொற்று உள்ள குழந்தைக்கும் மூடிய முறை பாதுகாப்பானது.

கைகளின் வேலை

கதீட்டர் எட்டுவது பெரிய பாதையை மட்டுமே. அதற்கு அப்பால், கிளைகளில் தங்கிய சளியை மேலே கொண்டுவருவதுதான் பிசியோதெரபியின் பங்கு. இங்கே ஒரு காற்றோட்ட விதி உதவுகிறது: வெளியே வரும் காற்றின் உச்ச வேகம், உள்ளே போகும் வேகத்தைவிடக் குறைந்தது 10 சதவீதமாவது கூடுதலாக இருந்தால் சளி வாயை நோக்கி நகரும். தலைகீழானால் சளி இன்னும் உள்ளேதான் போகும். அம்பு பேகைப் படபடவென்று வேகமாக அமுக்குபவர் அறியாமல் செய்வது இதைத்தான்.

கையால் நுரையீரலை விரிப்பது: அழுத்தமானி பொருத்திய பையால் மெதுவாக, ஆழமாக மூச்சுக் கொடுத்து, ஒரு கணம் நிறுத்தி, சட்டென்று விடுவது. வென்டிலேட்டரின் உச்ச அழுத்தத்துக்கு மேல் 10 செ.மீ. நீர் அழுத்தம் என்பதைப் பல பிரிவுகள் எல்லையாக வைத்திருக்கின்றன. மானி இல்லாமல் கை உணர்வை நம்பிச் செய்வது சிறு நுரையீரலைக் கிழித்துவிடலாம்.

அதிர்வு: குழந்தை மூச்சை வெளிவிடத் தொடங்கும் நொடியில் விலாவின்மேல் வைத்த கையால் மெல்ல அழுத்தி அதிர்விப்பது. பை அமுக்குபவரும் அதிர்விப்பவரும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். கைக்குழந்தையின் விலா எளிதில் வளையக்கூடியது. விரல்களின் பலமே போதும்.

தட்டுதல்: குவித்த கையாலோ, சிறு குழந்தைக்கு மெத்தென்ற விளிம்புள்ள முகமூடியாலோ, துணியின்மேல் தட்டுவது. “சிஸ்டர், நெஞ்சுல சளி கட்டியிருக்கு, கொஞ்சம் தட்டி எடுத்துவிடுங்களேன்” என்று பெற்றோர் கேட்பதால் இது சிகிச்சையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இங்கே சொன்ன முறைகளில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவதும் இதற்குத்தான். காரணம் பின்னால் வருகிறது.

படுக்கும் நிலை: பாதித்த பகுதி மேலே இருக்கும்படி கிடத்தினால் புவியீர்ப்பில் சளி வடியும். இதில் கைக்குழந்தைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பெரியவருக்கு ஒருபக்க நுரையீரல் கெட்டிருந்தால், நல்ல பக்கம் கீழே இருக்கும்போது ஆக்சிஜன் நன்றாக ஏறும். கைக்குழந்தைக்கு நேர்மாறாக, நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று 1983-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே சளி வடியத் தோதான நிலையில் சிறு குழந்தையின் ஆக்சிஜன் இறங்கலாம். பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் குறுக்க வேண்டியதுதான். தலையைத் தாழ்த்திக் கிடத்துவதை அறவே விட்டுவிடலாம். வயிற்றில் உள்ளது மேலேறும், மூளையின் அழுத்தமும் ஏறும்.

இந்த முறைகள் பலிக்கின்றனவா? லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளிடம் பிசியோதெரபியையும் வெறும் சக்‌ஷனையும் ஒப்பிட்டது. பிசியோதெரபிக்குப் பின் நுரையீரலின் செயல்பாடு மேம்பட்டவர்கள் கூடுதல். ஆனால் குழந்தைக்குக் குழந்தை பலன் மிகவும் மாறுபட்டது. சிலருக்கு நிலை மோசமும் ஆனது. சராசரியை நம்பி எல்லோருக்கும் ஒரே சிகிச்சை எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு அந்த ஆய்வே சாட்சி.

இருமும் இயந்திரம்

நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பராக் 1950-களில், இளம்பிள்ளை வாத நோயாளிகளை மனத்தில் வைத்து ஒரு கருவியை உருவாக்க உழைத்தார். நுரையீரலுக்குள் காற்றை நிரப்பிவிட்டு, நொடிப்பொழுதில் எதிரழுத்தத்துக்கு மாறி வெளியே இழுக்கும் கருவி அது. வென்டிலேட்டரும் சக்‌ஷனும் பரவியபோது அதை மறந்தார்கள். 1993-ல் எமர்சன் நிறுவனம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. இன்று ‘காஃப் அசிஸ்ட்’ என்ற பெயரில் அறியப்படுவது அதன் வழித்தோன்றல்தான்.

எஸ்.எம்.ஏ., டுஷேன் போன்ற தசைச் சிதைவு நோய் உள்ள குழந்தைகளுக்கு இது பெருந்துணை. அவர்களின் நுரையீரல் பெரும்பாலும் நல்லது. இருமும் பலம்தான் இல்லை. முகமூடி, ட்யூப், கழுத்துத் துளையான டிராக்கியாஸ்டமி என எதன் வழியும் பொருத்தலாம். தாழ்ந்த அழுத்தத்தில் தொடங்கி, பழகியபின் இருபுறமும் 30 முதல் 40 செ.மீ. நீர் அழுத்தம்வரை உயர்த்துவது வழக்கம். நான்கைந்து மூச்சுகள் ஒரு சுற்று. இடையில் ஓய்வும் சக்‌ஷனும். மெல்லிய ட்யூப் தடையாக நிற்பதால் முகமூடியில் கிடைக்கும் வேகம் ட்யூப்பில் கிடைக்காது. அண்மையில் நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்பட்ட குழந்தைக்கு இது கூடாது.

நெபுலைசரில் என்ன போடுவது

அடர்த்தியான 3% சலைன், அசிடைல்சிஸ்டீன், டோர்னேஸ் ஆல்ஃபா ஆகியவை சளியை இளக்கும் பட்டியலில் உள்ளவை. முதல் இரண்டும் மூச்சுக்குழலைச் சுருங்கவைக்கலாம். இழுப்பு உள்ள குழந்தைக்கு முன்னதாகவே மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் தேவைப்படும். டோர்னேஸ், சீழ்ச் சளியைப் பிசின்போல ஆக்கும் டி.என்.ஏ. இழைகளை வெட்டுகிறது. ஜெர்மனியின் டூபிங்கனில் இதய அறுவைக்குப் பிந்தைய 100 குழந்தைகளிடம் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், டோர்னேஸ் பெற்றவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள். அது எல்லா நோய்க்கும் பொருந்தும் என்று சொல்ல அந்த ஓர் ஆய்வு போதாது. மருந்தின் விலையும் மிக அதிகம். எதையும் வழக்கமாகக் கொடுக்கச் சான்று இல்லை. பிடிவாதமான கொலாப்ஸுக்கு மருத்துவர் தேர்ந்து கொடுக்கலாம்.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய நேரங்கள்

நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் 1992-க்கும் 1994-க்கும் இடையே, 24 முதல் 27 வாரங்களில் பிறந்த 13 குழந்தைகளுக்கு மூளையில் வழக்கத்துக்கு மாறான வகைச் சிதைவு தெரிந்தது. பிறந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்களில் மற்றக் குழந்தைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இவர்களுக்கு நெஞ்சில் தட்டும் சிகிச்சை நடந்திருந்தது. தட்டும்போது தாங்கல் இல்லாத தலை குலுங்கியது காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் 1998-ல் எழுதினார்கள். அரசு விசாரணையும் நடந்தது. தட்டுதல் மட்டும்தான் காரணமா என்ற விவாதம் அதோடு ஓயவில்லை. ஆனாலும் பாடம் தெளிவு: மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் தட்டக் கூடாது, எதைச் செய்தாலும் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பிரான்ஸில் மூச்சுச் சிற்றறைக் குழாய் அழற்சிக்கு, அதாவது பிராங்கியோலைட்டிஸுக்கு, நெஞ்சை அமுக்கும் பிசியோதெரபி நீண்டகால வழக்கமாக இருந்தது. 2002-ல் அங்கிருந்து வந்த ஓர் அறிக்கை, இந்தச் சிகிச்சைக்குப் பின் விலா எலும்பு முறிந்த ஐந்து கைக்குழந்தைகளைப் பதிவுசெய்தது. பாரிஸ் பகுதியின் ஏழு மருத்துவமனைகளில் 496 குழந்தைகளிடம் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவில் தேறவில்லை என்று காட்டியது. இந்தக் குழந்தைகள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அல்லர். இருந்தாலும் பிராங்கியோலைட்டிஸ் என்றாலே நெஞ்சுக்குப் பிசியோதெரபி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதோடு ஆட்டங்கண்டது.

வடிக்கப்படாத காற்றுக்கசிவு, நுரையீரல் ரத்தக்கசிவு, மிகக் குறைந்த தட்டணுக்கள், நிலையற்ற ரத்த அழுத்தம், எலும்பு நொறுங்கும் நோய், கடும் ஆஸ்துமா இழுப்பு ஆகிய நேரங்களில் தட்டுதலும் அதிர்வும் கூடாது. உயிர்காக்கும் சக்‌ஷன் மட்டும் விதிவிலக்கு.

நோய்க்கு ஏற்ற வழி

கட்டுவிரியன் கடித்த குழந்தையும் கில்லன்-பாரே நோயுள்ள குழந்தையும் ஒரு வகை: நுரையீரல் நலமாக இருக்கும், தசைகள் மட்டும் செயலிழந்திருக்கும். இவர்களுக்குப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தலும், வாய் எச்சிலை அடிக்கடி அகற்றலும், நுரையீரல் விரித்தலும் முக்கியம். கட்டுவிரியன் கடியில் குழந்தை கண் திறக்க முடியாமல் கிடந்தாலும் சுற்றி நடப்பதை அறியக்கூடும். பேசிக்கொண்டே செய்ய வேண்டும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து குடித்த குழந்தைக்குச் சளி வெள்ளமாகப் பெருகும். அங்கே அடிப்படைச் சிகிச்சை அட்ரோபின். போதிய அளவு சேராமல் சக்‌ஷன் மட்டும் செய்துகொண்டிருந்தால் தீராது.

தலைக்காயத்தில் ஒவ்வோர் இருமலும் மூளையின் அழுத்தத்தை ஏற்றும். மயக்க மருந்தைக் கூட்டி, தலையை நடுவில் 30 டிகிரி உயர்த்தி, ஒரே முறை, குறைந்த நேரம். ஒற்றைக் கீழறை இதயமுள்ள குழந்தைக்கு 100 சதவீத ஆக்சிஜன் நுரையீரலுக்கு ரத்தத்தை அளவுமீறி இழுத்து உடலைப் பட்டினி போடலாம். எவ்வளவு உயர்த்துவது என்று இதய மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

செய்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றே: கரகரப்பு போயிற்றா, திரையின் ரம்பப்பல் மறைந்ததா, மூச்சின் கொள்ளளவு கூடியதா, ஆக்சிஜன் சதவீதத்தைக் குறைக்க முடிகிறதா? நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால் அதே முறையை அடுத்த ஷிஃப்டில் திருப்பிச் செய்வதில் பொருளில்லை; முறையை மாற்ற வேண்டும், அல்லது நோயை மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது

சில குழந்தைகள் டிராக்கியாஸ்டமியோடும் சிறு வென்டிலேட்டரோடும் வீடு திரும்புகிறார்கள். அப்போது இந்த அத்தியாயத்தின் வேலைகள் அம்மாவின், அப்பாவின் கைக்கு வருகின்றன. குறைந்தது இரண்டு பேர், செவிலியர் பார்த்திருக்க, சக்‌ஷனையும் ட்யூப் மாற்றுவதையும் பலமுறை செய்து பழகியபின்பே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

குழந்தை எங்கே போனாலும் கூடவே போக ஒரு பை தேவை: அதே அளவு டிராக்கியாஸ்டமி ட்யூப் ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று, கழுத்து நாடா, வட்டமுனைக் கத்தரிக்கோல், நீர் கலந்த வழவழப்புப் பசை, அளவு குறித்த கதீட்டர்கள், அம்பு பேக், பேட்டரியில் ஓடும் சக்‌ஷன் மெஷின். மின்வெட்டு உள்ள ஊரில் இன்வெர்ட்டரோடு, காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் கருவி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். பையின் உள்பக்கம் குழந்தையின் ட்யூப் அளவு, கதீட்டர் ஆழம், வென்டிலேட்டர் எண்கள், வார்டின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை பையைக் கொட்டி, பேட்டரியையும் காலாவதித் தேதிகளையும் சரிபார்க்க வேண்டும்.